இடதுபக்கக் கைபிடி

1.

இந்தக் கதை எனக்கு ஒரு கராஜில் கிடைத்தது. ஸ்கூட்டிக்கு எண்ணெய் மாற்றக் கொடுத்துவிட்டு, ஒரு கால் ஆடுகிற பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தேன். கிடைத்தது என்று எழுதுவதே பாதிப் பொய். மெல்ரொன் என்கிற மீன்காரப் பொடியன் மனப்பாரம் தாங்காமல் சொன்னதை வீட்டுக்குக் கொண்டுவந்து கதையாக்கிக்கொண்டிருக்கிறேன். இந்தத் தொழிலுக்கு வேறு பெயர் இருக்கிறது. அதை இங்கே எழுத எனக்கு வெட்கம்.

முதல் வரிக்கு மூன்று தடவை முயன்றேன்.

“உடையார்கட்டுப் பகுதியில் செவ்வாய்க்கிழமை காலை இடம்பெற்ற விபத்தில் –” (பத்திரிகைக்காரர் எழுதட்டும்.)

“கடல் அன்று அமைதியாக இருந்தது. மெல்ரொனின் மனமும் –” (கடல் அமைதியாக இருந்தால் நீங்கள் உடனே உஷாராகிவிடுவீர்கள். வேண்டாம்.)

“இதில ஒண்டும் இல்லைத் தம்பி. மூண்டாந்தரமும் பாத்திட்டன்.”

இதுதான் நான் காதால் கேட்ட முதல் வாக்கியம். சொன்னவர் ஜெமீல், முல்லைத்தீவில் அந்தக் கராஜை வைத்திருப்பவர். ஒரு வண்டியை ஒருவன் பதினொரு நாளில் மூன்று தரம் கொண்டுவந்து, உடைந்தது என்ன என்று தேடச் சொல்கிறான். உடையவில்லை என்றால் சந்தோஷப்படுகிறானும் இல்லை. எந்த எழுத்துக்காரிக்கும் காது நீளும். எனக்கும் நீண்டது.

2.

மெல்ரொனுக்கு இருபத்தாறு வயது. தகப்பன் மரியநேசன் கடலுக்குப் போகிறவர். மகன் கரையில் மீன் எடுத்து, மோட்டார் சைக்கிளின் பின்னால் றெஜிபோம் பெட்டிக்குள் ஐஸ் போட்டுக் கட்டிக்கொண்டு, புதுக்குடியிருப்பு, உடையார்கட்டு, விசுவமடு என்று வீடு வீடாக விற்கிறவன். அன்று வண்டியில் பெட்டி இல்லை. ஹாண்டிலில் ஒரு செபமாலை மட்டும் தொங்கியது.

“வேலைக்குப் போகேல்லையோ?” என்று கேட்டேன்.

“இது என்னெண்டு தெரியாமல் ஏறமாட்டன் ரீச்சர்.”

ஜெமீல் எல்லாவற்றையும் பார்த்திருந்தார். முன் போர்க் வளையவில்லை. றிம் நெளியவில்லை. பிறேக் பிடிக்கிறது. இடதுபக்கக் கண்ணாடி வெடிப்பு, கால் வைக்கிற கம்பியில் ஒரு சின்ன வளைவு, அவ்வளவுதான். விழுந்த வண்டிக்கு இதுகூட இல்லாமல் இருக்குமா?

பொடியனின் முகத்தைப் பார்த்துவிட்டு, ஜெமீல் கடைசியாக ஒன்று செய்தார். முன் சில்லை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இறுக்கிக்கொண்டு, ஹாண்டிலைப் பிடித்துத் திருகிப் பார்த்தார். சில்லும் ஹாண்டிலும் நேரா என்று பார்க்க எல்லோரும் செய்கிற வேலைதான்.

மெல்ரொன் துள்ளி எழும்பினான். “ஜெமீல் நானா, அப்பிடி மட்டும் செய்யாதேங்கோ!”

ஜெமீல் கையை எடுத்துவிட்டார். பிறகு மெல்ரொன் என் பக்கத்தில் வந்து குந்தியிருந்து, யாரும் கேட்காமலே சொல்லத் தொடங்கினான்.

3.

(இந்தப் பகுதியை அவன் சொன்ன ஒழுங்கில் எழுதுகிறேன். என் கெட்டித்தனத்தை இங்கே காட்டக்கூடாது என்று எனக்கு நானே கட்டளை.)

உடையார்கட்டில் ஓர் ஒழுங்கைக்குள்ளிருந்து ஒருவர் சைக்கிளில் பிரதான வீதிக்கு ஏறினார். மெல்ரொன் பிறேக் பிடித்தது அவனுக்கு ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு ஞாபகம் இருப்பது, தார் றோட்டில் தன் முகத்துக்குப் பக்கத்தில் கிடந்து வாயைத் திறந்த ஒரு பாரை மீன். பெட்டி உடைந்து மீனும் ஐஸும் வீதி முழுக்கச் சிதறிக் கிடந்தன.

எழும்பியதும் வண்டியைத்தான் நிமிர்த்தினான். கண்ணாடியைப் பார்த்தான். பெற்றோல் ஒழுகுகிறதா என்று குனிந்து பார்த்தான். (நீங்கள் அவனை இதற்காகக் குற்றம் சொல்லலாம். வீதியில் விழுந்து எழும்பியவர்களிடம் முதலில் விசாரித்துவிட்டுச் சொல்லுங்கள்.) அதன் பிறகுதான் திரும்பினான்.

வீதிக்கரையில் அந்த மனிதர் இருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். வலது பாதம் பின்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. குதிக்கால் முன்னுக்கு, விரல்கள் பின்னுக்கு.

“ஐயோ மாதாவே! கால்... ஐயா, உங்கட கால்!”

அவர் குனிந்து, கழன்ற செருப்பைப் பார்ப்பதுபோலத் தன் காலைப் பார்த்தார். “கத்தாத தம்பி. அது என்ர இல்லை, ஆஸ்பத்திரியால தந்தது.” களிசானை முழங்கால் வரை உருட்டி, பொய்க்காலை இரண்டு கையாலும் பிடித்து முன்னுக்குத் திருப்பி, பட்டியை இறுக்கினார். பிறகு விரல் முட்டியால் அதில் இரண்டு தட்டுத் தட்டிக் காட்டினார்.

மெல்ரொனுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. “நான் செத்துப்போனன் ஐயா” என்றான்.

“பிறகு சாகலாம். முதல்ல மீனைப் பொறுக்கு, நாய் வருது.”

இரண்டு பேரும் மீன் பொறுக்கினார்கள். அவருடைய பெயர் அப்புத்துரை என்று அப்போதுதான் தெரிந்தது. சைக்கிளின் பின் மட்காட்டை இழுத்து நேராக்கினார்கள். மோட்டார் சைக்கிளின் ஹாண்டில் ஒரு பக்கம் திரும்பியிருந்தது. மெல்ரொன் திருகிப் பார்த்தும் சரிவரவில்லை. “இஞ்சால விடு” என்று அப்புத்துரை முன் சில்லை முழங்கால்களுக்கு நடுவில் பிடித்தார். ஒன்று சொந்த முழங்கால், மற்றதற்குக் கீழே ஆஸ்பத்திரி தந்த கால். மூச்சைப் பிடித்துத் திருகினார். ஹாண்டில் நேரானது. அவர் மட்டும் நிமிரவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே குனிந்து நின்றார்.

“என்ன ஐயா?”

“ஒண்டுமில்லை. மூச்சுப் பிடிச்சுப் போச்சு.”

(இந்த ஒரு வரியை மெல்ரொன் எனக்கு மூன்று தரம் சொன்னான்.)

அவர் நிமிர்ந்தபோது சேட்டில் பூட்டுகிற தெறி ஒன்று இல்லாமல் வயிறு தெரிந்ததாம். கஷ்டப்பட்ட மனுசன் என்று நினைத்து, பெட்டிக்குள் இருந்ததில் நல்ல பாரையாகப் பார்த்து ஒன்றை எடுத்து, கழுவி, பையில் போட்டுக் கொடுத்தான். அவர் வேண்டாம் என்றார். இவன் விடவில்லை. சைக்கிள் ஹாண்டிலில் மீனைக் கொழுவிக்கொண்டு அவர் மிதித்துக்கொண்டு போனார். எல்லாம் பத்து நிமிடம்.

4.

என் கதைகளை முதலில் வாசிக்கிறவள் யூலியானா. என்னோடு படிப்பிக்கிறவள், வாய் கூடினவள். மூன்றாம் பகுதியை வாசித்துவிட்டுக் கேட்டாள்: “வன்னிக் கதையெண்டால் ஒரு பொய்க்கால் இல்லாமல் எழுத ஏலாதோ உனக்கு? வெளிநாட்டில இருக்கிற ஆக்கள் வாசிச்சு அழவேணும், அதுதானே?”

சுட்டது. ஆனால் அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. எனவே காலை எடுத்துவிட்டு இரண்டாவது பிரதி எழுதினேன். அதில் அப்புத்துரைக்கு இரண்டும் சொந்தக் கால். எனவே பின்பக்கம் திரும்பிய பாதம் உண்மையாகவே முறிந்த பாதம். மெல்ரொன் கத்துகிறான். மீனை நாய் தின்னட்டும் என்று விட்டுவிட்டு, வந்த வானை மறித்து அவரை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறான். டொக்டர் காலைப் பார்க்கிறார். பார்த்துக்கொண்டே, வழக்கப்படி, வயிற்றிலும் ஒரு கையை வைத்து அமர்த்துகிறார். அவருடைய முகம் மாறுகிறது. ஒரு மணித்தியாலத்துக்குள் –

அந்தப் பிரதியில் அப்புத்துரை பிழைத்துவிட்டார்.

எழுதிவிட்டுக் குசினிக்குள் போய் நின்றேன். கேத்திலில் தண்ணீர் கொதித்து வற்றும்வரைக்கும் நின்றேன். ஒரு மனிதருக்கு நல்ல கால் இருந்திருந்தால் அவர் உயிரோடு இருந்திருப்பார் என்பதை நானே என் கையால் எழுதிக் கண்டுபிடித்திருக்கிறேன். வேறு ஊரில் பின்பக்கம் திரும்பிய காலைக் கண்டால் அம்புலன்ஸுக்கு அடிப்பார்கள். நாங்கள் “பொய்க்கால்தானே” என்று பெருமூச்சு விட்டு மீன் பொறுக்குவோம். எங்களுக்கு அது பழகிப்போன ஆறுதல். அந்த ஆறுதலில் மிச்ச உடம்பைப் பார்க்க எல்லோரும் மறந்துபோனார்கள், அந்த உடம்புக்குச் சொந்தக்காரர் உட்பட.

பிரதியைக் கிழித்தேன். கால் கதைக்குள் திரும்பி வந்துவிட்டது. யூலியானா கோபித்தால் கோபிக்கட்டும்.

5.

வெள்ளிக்கிழமை மெல்ரொன் மீனோடு அதே வீதியால் போனான். சந்தியில் புதிதாக ஒரு பதாகை கட்டியிருந்தது. கண்ணீர் அஞ்சலி. அதில் அப்புத்துரை சிரித்துக்கொண்டிருந்தார்.

“நான் பிறேக் பிடிக்கேல்லை ரீச்சர். வண்டி தானா நிண்டது” என்றான்.

செத்தவீட்டுக்குப் போனான். ஒருவருக்கும் அவனைத் தெரியாது. பந்தலில் ஆட்கள் கதைத்தார்கள். சைக்கிளால் விழுந்தவராம். வயிற்று நோ என்று படுத்தவராம். அடுத்த நாள் கொண்டுபோனபோது பிந்திவிட்டதாம், உள்ளே மண்ணீரல் வெடித்திருந்ததாம். வேளைக்குக் கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமாம்.

அப்புத்துரையின் மனைவி அமராவதி, வந்த ஒவ்வொருவருக்கும் ஒரே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தா. இவனுக்கும் சொன்னா.

“விழுந்தனான், கால்தான் கழண்டது, வேற ஒண்டுமில்லை எண்டார். ஆரோ மீன்காரப் பொடியன் தந்ததெண்டு பாரை ஒண்டும் கொண்டந்தவர். குழம்பு வைச்சுக் குடுத்தன் தம்பி. ஒரு பிடி வாயில வைக்கேல்லை. நான் ஏசினனான், நல்ல மீனை வீணாக்கிறியள் எண்டு.”

அந்தப் பொடியன் தான்தான் என்று மெல்ரொன் சொல்லவில்லை. அவனுக்கு யாரோ பிளேன்ரீ கொடுத்தார்கள். அதைக் குடித்தானாம். அதைத்தான் தன்னால் மன்னிக்க முடியவில்லை என்றான்.

6.

இப்போது எனக்கு என் பாத்திரத்தில் சந்தேகம். ஒருவன் ஏன் மூன்று தரம் வண்டியைச் சோதிக்கிறான்? ஒரு பிரதியில் அவனைத் தப்பப் பார்க்கிறவனாக எழுதினேன். இன்னொன்றில் தண்டனை தேடுகிறவனாக எழுதினேன். இரண்டும் அளவு பொருந்தாத சேட்டுப்போல அவனில் நிற்கவில்லை.

அன்று கராஜில் அவனையே கேட்டேன். “என்னத்தைத் தேடுறீர் மெல்ரொன்?”

“என்ர வண்டி சைக்கிளின்ர பின் சில்லிலதான் தட்டினது. அப்பிடித்தான் எனக்கு ஞாபகம். அவர் தானா விழுந்து, விழுந்ததில பட்டிருக்கலாம், என்ன? வண்டி அவரில பட்டிருந்தால் எங்கயாவது ஒரு அடையாளம் இருக்கும்.”

“இருந்தால்?”

“அந்த அம்மாட்டப் போய்ச் சொல்லுவன், மீன் தந்தவன்தான் இடிச்சவனும் எண்டு. பொலிசுக்கும் போவன். இல்லாட்டி, சொல்லி அவவை இன்னும் நோகடிக்கக்கூடாது. வீட்டில அம்மாவுக்கும் தெரியாது.” வண்டிப் பக்கம் திரும்பினான். “அண்டைக்கு நான் வண்டியைத்தான் பாத்தன் ரீச்சர். அவரைப் பாக்கேல்லை. இப்ப பாக்கிறதுக்கு வண்டி மட்டும்தான் கிடக்கு.”

இதைச் சொல்லிவிட்டு, எங்கள் மூன்று பேருக்கும் பிளேன்ரீ வாங்கிவருகிறேன் என்று எழும்பிப் போனான்.

7.

அவன் போனதும் ஜெமீல் வண்டியை ஓரமாகத் தள்ளினார். தள்ளும்போது இடதுபக்கக் கைபிடி றப்பர் அவருடைய உள்ளங்கைக்குள் சுழன்றது. நின்றார். அதன் நுனி கிழிந்திருந்தது. தார் றோட்டில் உரசியது என்று இரண்டு தரமும் விட்ட இடம். இந்தத் தரம் றப்பரை முறுக்கி இழுத்துக் கழற்றினார்.

குழாயின் வாய்க்குள் ஏதோ செருகியிருந்தது. ஸ்குரூ ட்ரைவரால் நெம்பி எடுத்தார். நகத்தளவு நீலக்கட்டத் துணி. அதில் நூலோடு ஒரு வெள்ளைத் தெறி.

“யா அல்லாஹ்” என்றார் ஜெமீல், மிக மெதுவாக.

மெல்ரொன் போட்டிருந்தது ரீசேட். அன்றும் ரீசேட்தான் என்று சொல்லியிருந்தான். ஒரு கணக்கையும் போடாமல் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

“ரீச்சர், சொல்லுறதோ?” ஜெமீல் என்னைப் பார்க்காமல் தெறியைப் பார்த்துக் கேட்டார். “அவன் என்னட்டக் கேட்டது வண்டிக்கு என்ன நடந்ததெண்டு. வண்டிக்கு ஒண்டுமில்லை. அது பொய்யில்லைத்தானே?”

(முடிவு அ: ஜெமீல் அதைக் கழிவெண்ணெய் வாளிக்குள் போடுகிறார். மெல்ரொன் திங்கட்கிழமை மீனோடு போகிறான். ஒருநாள் அமராவதி படலையில் நின்று “தம்பி, பாரை இருக்கோ?” என்று – எழுத முடியவில்லை.)

(முடிவு ஆ: சொல்கிறோம். மெல்ரொன் அமராவதியிடம் போகிறான். நான்கு பக்கம் எழுதினேன். ஒரு பக்கத்தில் அவா அவனை அடித்தா, ஒன்றில் கட்டிப்பிடித்தா, ஒன்றில் கதவைச் சாத்தினா, ஒன்றில் மீனைப் பற்றி மட்டும் கேட்டா. நான்கிலும் பேசியது நான். அவா என்ன செய்வா என்று எனக்குத் தெரியாது.)

8.

அன்று உண்மையில் நடந்தது எனக்குத் தெரியும். அதை எழுதமாட்டேன். எழுதினால் நீங்கள் ஜெமீலையும் என்னையும் பற்றி ஒரு தீர்ப்புச் சொல்லிவிட்டு நிம்மதியாகப் படுக்கப் போய்விடுவீர்கள்.

மூன்றாம் பகுதியில் அது பொய்க்கால் என்று தெரிந்த இடத்தில் நீங்களும் மூச்சு விட்டீர்கள்தானே? சிரித்தும் இருப்பீர்கள். கொஞ்சம் தள்ளி, சேட்டில் ஒரு தெறி இல்லை என்று எழுதியிருந்தேன். அதையும் தாண்டித்தான் வந்தீர்கள். நானும் அப்படித்தான் தாண்டினேன், அவன் எனக்கு நேரே சொல்லும்போதே. வண்டியை மூன்று தரம் பார்த்தவனைப் பற்றி இவ்வளவும் எழுதிய நான், அந்தத் தெறியைக் காணும்வரை அந்த மனிதரின் வயிற்றை ஒரு தரமும் நினைக்கவில்லை.

மெல்ரொன் வருகிறான். மூன்று கிளாஸையும் இரண்டு கையால் அணைத்துப் பிடித்திருக்கிறான், பிளேன்ரீ விரலில் வழிகிறது. கழற்றிய றப்பர் நிலத்தில் கிடப்பதைக் காண்கிறான். நிற்கிறான்.

“ஏதும் இருந்ததோ நானா?”

ஜெமீலின் கை மூடியிருக்கிறது. அவர் என்னைப் பார்க்கிறார். மெல்ரொனும் என்னைப் பார்க்கிறான். நான் எழுதுவதை இந்த இடத்தில் நிறுத்துகிறேன். கிளாஸ் சுடுகிறது, அவனால் கனநேரம் பிடித்திருக்க முடியாது. நீங்கள் சொல்லுங்கள்.