சமையல் சோடாவின் நான்காவது பயன்

1.

இது ஒரு பட்டியலாக இருந்திருக்க வேண்டியது. வீட்டுக் குறிப்புகள் போடும் பத்திரிகை ஒன்றிலிருந்து கேட்டார்கள்: சமையல் சோடாவுக்கு இருபது பயன்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி. பதினைந்து வருடம் குடோனில் மூட்டை தூக்கிவிட்டு எழுத வந்தவனுக்குச் சோடாவைப் பற்றி என்ன தெரியும்? அண்ணியிடம் போனேன். ஒரு பெரிய ஆலையின் கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறார்.

அண்ணி விரலை மடக்கிச் சொன்னார். ஒன்று: கிண்ணத்தில் கொட்டி ஃப்ரிட்ஜுக்குள் வைத்தால் வாடை போகும். இரண்டு: டீக்கறை பிடித்த கோப்பையை ஈர விரலால் தொட்டுத் தேய்த்தால் வெள்ளை. மூன்று: "உங்க அண்ணன் ஷூவுக்குள்ள ராத்திரி ஒரு ஸ்பூன் போட்டு வைப்பேன். காலைல தட்டிட்டு மாட்டிக்குவார். இல்லன்னா இந்த வீட்ல மனுஷங்க இருக்க முடியுமா?"

நான்காவதைச் சொல்ல வாயெடுத்தவர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். பட்டியல் அங்கேயே நின்றுபோனது.

2.

நடந்தது இதுதான். தலைமைச் சமையல்காரர் பாலை அடுப்பில் வைத்துவிட்டு போனில் பேசிக்கொண்டிருந்தார். எண்பது லிட்டர் அண்டா. அடி முழுக்கக் கருகிவிட்டது. அவர் சூப்பர்வைசருக்கு மச்சான். ஆகையால் சூப்பர்வைசரின் திட்டு, கழுவும் இடத்தில் நின்ற அண்ணிக்கு வந்தது.

"சாப்பாட்டு மணி அடிக்கறதுக்குள்ள அண்டா பளபளன்னு இருக்கணும். இல்லன்னா நாளைலேர்ந்து வராத."

அண்ணியின் வலது கை ஒரு வருடமாகத் தோளுக்கு மேலே எழும்புவதில்லை. அது சூப்பர்வைசருக்குத் தெரியும். வேலையை விட்டுத் தூக்க ஒரு சாக்குதான் பாக்கி இருந்தது.

3.

இதைக் கதையாக்க நான் எழுதிய முதல் தொடக்கம்:

‘உள்ளங்கைத் தோல் உரிய, கம்பி நாரில் ரத்தம் கசிய, அந்த அலுமினிய அண்டாவை அவள்...’

எனக்குப் பிடித்திருந்தது. நான் வளர்ந்த வீட்டில் உடம்பு நோகாமல் செய்ததை யாரும் வேலை என்று சொன்னதில்லை. அண்ணியிடம் படித்துக் காட்டினேன்.

"ரத்தமா? யாருக்கு?"

"உங்களுக்குத்தான் அண்ணி."

"எனக்கு எதுக்குப்பா ரத்தம் வருது? நான் தேய்க்கவே இல்லையே! அப்புறம், அது எவர்சில்வர். அலுமினியத்துல சோடா போட்டா கறுத்துப்போகும். இதப் படிச்சிட்டு எவளாவது பாத்திரத்தக் கெடுத்துக்கிட்டா உன்னத்தான் திட்டுவா, எழுத்தாளரே."

(அலுமினியத்தில் போடாதீர்கள். இது மட்டும் கதையில்லை, குறிப்பு.)

4.

இரண்டாவது முயற்சி. ரத்தம் இல்லாமல்.

கருகல் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர். அரைப் பாக்கெட் சோடா. கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, அணைத்து, இரண்டு பேரை விட்டுக் கீழே இறக்கவைத்து, ஆறவிட்டார். பிறகு காய்கறி வரும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு, அதன்மேல் உட்கார்ந்து டீ குடித்தார்.

பதினோரு வருடமாக அண்ணி அங்கே வேலை செய்கிறார். கழுவும் இடத்தில் வேலை நேரத்தில் யாரும் உட்கார்ந்ததில்லை. தொட்டியருகே நின்ற மற்ற ஐந்து பெண்களும் விபத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

"அக்கா, எந்திரிங்க. அந்தாளு வந்துடப் போறாரு."

"வரட்டும். அண்டா வேலை செய்யுது. நான் மேற்பார்வை பாக்குறேன்."

[இந்த இடத்தில் ‘அச்சம் என்பதே அறியாத அவள்’ என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். கேட்டதற்கு அண்ணி சொன்னது: "பயந்தான். வீட்ல சின்னச் சட்டிலதான் செஞ்சிருக்கேன். இவ்வளவு பெரிய அண்டால அது வேலைக்கு ஆகலன்னா அன்னிக்கோட நான் காலி. டீ எப்படி இருந்துச்சுன்னே ஞாபகம் இல்ல."]

5.

வந்தார்.

"வேலை நேரத்துல உக்காந்து டீ குடிக்கிறியா?"

"ஆமா சார்."

அண்ணி எழவில்லை. உட்கார்ந்தபடியே மரக்கரண்டியை அண்டாவுக்குள் விட்டு ஓரத்தில் நெம்பினார். நகரவில்லை. இன்னொரு பக்கம் நெம்பினார். லேசாக எழும்பியது. பக்கத்தில் நின்றவளைக் கூப்பிட்டு அண்டாவைச் சாய்க்கச் சொன்னார். தண்ணீரோடு கருகலும் வந்தது. துண்டுதுண்டாக இல்லை, ஒரே வட்டமாக, லாரி டயரில் ஒட்டுப்போட்ட ரப்பர் பிய்ந்து வருவதுபோல் வந்து தரையில் ‘சொத்’தென்று விழுந்தது. அண்டாவின் அடியில் டியூப்லைட் தெரிந்தது.

மணி இன்னும் அடிக்கவில்லை.

சூப்பர்வைசர் அண்டாவைப் பார்த்தார். கருகலைப் பார்த்தார். கடைசியில் பெட்டியைப் பார்த்தார்.

"இருந்தாலும் உக்காந்தது தப்பு."

"நீங்க அண்டா கேட்டீங்க. இந்தா இருக்கு. நான் நிக்கணும்னு கேக்கலையே சார்."

அண்டாவைச் சாய்த்தவள் ஒரு பெட்டியைக் காலால் இழுத்துக் கவிழ்த்தாள். உட்கார்ந்தாள். பிறகு இன்னொருத்தி. மொத்தம் ஆறு பெட்டிகள்.

"எல்லாரும் உக்காந்துட்டா வேலைய யாரு பாக்குறது?"

"சோடா பாக்குது சார்."

‘நாளைலேர்ந்து வராத’ என்பதை அவர் திரும்பச் சொல்லவில்லை. அண்ணி மறுநாளும் போனார். இன்று காலையும் போனார்.

6.

மூன்று முடிவுகள் எழுதினேன்.

அ) ஆலை நிர்வாகம் கழுவும் இடத்துக்கு ஆறு நாற்காலி வாங்கிப்போடுகிறது. (நானே நம்பவில்லை.)

ஆ) அடுத்த வாரம் பெட்டிகள் காணாமல் போகின்றன. (நம்புகிறேன். அதனாலேயே எழுதக் கை வரவில்லை.)

இ) மச்சான் தன் அண்டாவைத் தானே கழுவ... (பாதியில் சிரிப்பு வந்துவிட்டது.)

பத்திரிகைக்கு நான்கு பயன்களை மட்டும் அனுப்பினேன். நான்காவது: உட்காரலாம். மீதிப் பதினாறு எங்கே என்று கேட்கிறார்கள்.

முடிவுகளை அண்ணியிடம் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுச் சொன்னார்: "எத வேணா வெச்சுக்கோ தம்பி. ஆனா என்னை எழுப்பிவிட்டுடாத."

அதனால் இத்தோடு கையை எடுத்துக்கொள்கிறேன். இனி உங்கள் பாடு. அண்டா கவிழ்ந்திருக்கிறது. டம்ளரில் பாதி டீ இருக்கிறது. சூப்பர்வைசரை எங்கே வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளுங்கள், மணியை எப்போது வேண்டுமானாலும் அடியுங்கள்.

அண்ணி உட்கார்ந்திருக்கிறார்.