இருட்டு வீட்டுக்கு வந்த மாதா

எனக்கும் ஆண்டவருக்கும் ஒரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. சொந்தக்காரர்களுக்குள் இருக்குமே, அது போலத்தான். கோயில் மணி அடித்தால் அடுப்படியில் பாத்திரத்தை உருட்டுவேன். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் பூசைக்குப் போகும்போது நான் துணி துவைப்பேன். பங்குச் சாமியார் இரண்டு தடவை வீட்டுக்கு வந்தார். பால் இல்லாத கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்தேன், செபம் சொல்ல விடவில்லை.

அக்டோபர் மாதம் எங்கள் எஸ்டேட்டில் மாதா சுரூபம், அதாவது சிலை, வீடு வீடாகப் போகும், ஒரு நாளைக்கு ஒரு வீடு. இன்று யார் வீட்டில் இருக்கிறதோ அங்கே நாளைய வீட்டுக்காரி சாயங்காலம் போய், சுரூபத்தை நெஞ்சோடு அணைத்துத் தூக்கி வர வேண்டும். லயத்து வரிசை வீடுகளின் சனம் பின்னாலேயே பாடிக்கொண்டு வரும். வீட்டில் இருப்பவர்கள் மெழுகுதிரியோடு வாசலில் நிற்க வேண்டும். மாதா வரும்போது வீடு இருட்டாகவோ ஆளில்லாமலோ கிடக்கக் கூடாது. யார் போட்ட சட்டமோ தெரியாது. மானேஜர் சட்டத்தை மீறினாலும் மீறுவோம், இதை மீற மாட்டோம்.

போன வருஷம் எங்கள் முறை வந்த அன்று மூன்றாவது நாளாக மழை. என் வீட்டுக்காரர் சூசையப்பன் மத்தியானத்திலிருந்தே மலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரோசி, ஓடையில தண்ணி செம்மண்ணா வருது. டின்டுவக் கூட்டிக்கிட்டு நான் ஸ்கூல் கேம்புக்குப் போயிருதேன். மாதாவ நாளைக்குக் கொண்டாரலாம்" என்றார்.

டின்டு எங்கள் ஒரே மகள், எட்டாம் வகுப்பு. அவளும் கிளம்பி நின்றாள். நான் விட்டேனா?

"மாதா வார நேரத்துல வீட்டப் பூட்டிட்டு ஓடுவீகளாக்கும்? ரெண்டு பேரும் திரியக் கொளுத்தி வாசல்ல நில்லுங்க. நான் வார வரைக்கும் நகரப்பிடாது" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

சுரூபத்தோடு திரும்பி வருகையில், தேயிலைக் காட்டு வளைவில், எங்கள் கண்ணெதிரே மலை இறங்கியது. ஆறு வீட்டு லயம் இருந்த இடத்தில் சேறுதான் இருந்தது. மற்ற ஐந்து வீட்டு ஆட்களும் என் பின்னால் பாடிக்கொண்டு வந்ததால் பிழைத்தார்கள். மாதா காப்பாற்றினாள் என்று கதறி அழுதார்கள். திரியோடு காத்து நின்ற என் இரண்டு பேர் மட்டும் போனார்கள். சூசையப்பனை மூன்றாம் நாள் எடுத்தார்கள். டின்டு இன்றுவரை கிடைக்கவில்லை.

அவர் போகலாம் என்றதையும் நான் தடுத்ததையும் ஒருவரிடமும் சொல்லவில்லை. எல்லாரும் மழையைத் திட்டினார்கள், மலையைத் திட்டினார்கள். நான் ஆண்டவரைத் திட்டினேன். என்னைத் திட்டத்தான் ஆளில்லை. அந்த வேலையை நானே ராத்திரி பகலாகச் செய்துகொண்டேன்.

எஸ்டேட்டின் கீழ் டிவிஷனில் எனக்கு ஓர் அறை கொடுத்தார்கள். ஒட்டிய வீடு பின்சியுடையது. என்னோடு கொழுந்து எடுப்பவள். அவள் புருஷன் ஜின்சன் எர்ணாகுளத்தில் ஹோட்டல் வேலையில் இருந்தான். வீட்டில் அவளும் பத்து வயது மகள் ஜிஸ்மியும்தான்.

இந்த அக்டோபரில் கோயில் கதவில் ஒட்டிய பட்டியலில் என் வீடு இல்லை. என் மனசு நோகக் கூடாது என்று விட்டிருப்பார்கள். இரக்கப்பட்டுச் செய்ததுதான். ஆனாலும் செத்தவள் பெயரை அடித்துவிட்டது போல இருந்தது.

அதுவும் சரிதான் என்று நினைத்தேன். ஏனென்றால் வருஷ நாளன்று நானும் போய்விடுவது என்று முடிவு செய்திருந்தேன். இடிந்த மலைக்கு மழையோடு ஏறி, மண்சரிவுக்கு அடியில் போய் உட்காருவது. மிச்சம் வைத்ததையும் மலையே எடுத்துக்கொள்ளட்டும். அன்று காலையில் என் மூன்று கோழிகளையும் கொண்டுபோய்ப் பின்சியிடம் கொடுத்தேன்.

"எனக்கு இதுகளப் பாக்க நேரமில்லட்டி, நீ வச்சிக்க" என்றேன்.

அவள் சந்தோஷமாக வாங்கிக்கொண்டாள். அன்று சாயங்காலம் மாதா அவள் வீட்டுக்கு வரும் முறை.

ஐந்து மணிக்குப் பஞ்சாயத்து ஜீப் மைக் கட்டிக்கொண்டு வந்தது. ரெட் அலர்ட், உருள்பொட்டல், அதாவது மண்சரிவு அபாயம், எல்லாரும் ஸ்கூல் கேம்புக்குப் போக வேண்டும் என்று மலையாளத்திலும் தமிழிலும் கத்தினார்கள். சனம் மூட்டை முடிச்சோடு போனது. ஆள் நடமாட்டம் அடங்கட்டும் என்று நான் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன். ஆறு மணி வாக்கில் வெளியே இறங்கினேன்.

பக்கத்து வாசலில் ஜிஸ்மி நின்றாள். தலையில் பிளாஸ்டிக் தாள். ஒரு கையில் மெழுகுதிரி, மற்றக் கையால் காற்றை மறைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, நீ கேம்புக்குப் போகலையா?"

"அம்மா மாதாவ எடுக்கப் போயிருக்கு பெரியம்மா. வார வரைக்கும் நகரப்பிடாதுன்னு சொல்லிருக்கு."

என் வார்த்தை. அப்படியே என் வார்த்தை. பின்சியைக் குற்றம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? நான் நடந்ததை நடந்தபடி சொல்லியிருந்தால், இந்தப் பிள்ளையை அவள் இப்படி நிறுத்திவிட்டுப் போயிருப்பாளா?

மெழுகுதிரியைத் தட்டிவிட்டு அவள் கையைப் பிடித்தேன். "மாதா கோவிச்சுக்கும் பெரியம்மா" என்று கதவு நிலையைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிய்த்து எடுத்து இடுப்பில் போட்டுக்கொண்டு ஓடினேன். பத்து வயதுப் பிள்ளை, நல்ல கனம். மேலே எங்கோ கல் உருளும் சத்தம் கேட்டது. இரண்டு தடவை வழுக்கி விழுந்தேன். "ஆண்டவரே, இவளையாவது விட்டுரும்! என்னைய எடுத்துக்கிடும், இவள விட்டுரும்!" என்று வழிநெடுகக் கத்தினேன்.

ஸ்கூல் வராந்தாவில் அவளை இறக்கிவிட்ட பிறகுதான் யாரோடு பேசினேன் என்பதே எனக்கு உறைத்தது.

அன்று மலை விழவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். ரோட்டில் கொஞ்சம் மண் சரிந்து கிடந்தது, மறுநாள் ஜேசிபி வந்து தள்ளியது. விழுந்திருந்தால் என்னைத் தூக்கி வைத்துக் கொண்டாடியிருப்பார்கள். விழாததால் பின்சியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நாங்கள் கேம்புக்கு வந்து அரை மணி நேரம் கழித்து, முழங்கால் வரை சேறோடு, சுரூபத்தை அணைத்துக்கொண்டு அவள் ஓடி வந்தாள்.

"மாதா இருட்டு வீட்டுக்கு வந்து நின்னுச்சுக்கா! திரி தரையில கெடக்கு, பிள்ளையக் காணல. எனக்கு உசிரே போயிருச்சு. எதுக்குக்கா இவள இழுத்துட்டு வந்தீக?"

கேம்பு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் சொன்னேன்.

"அவுக போயிருதேன்னுதான் சொன்னாக பின்சி. நாந்தான் விடல. டின்டு செருப்பு மாட்டிட்டு நின்னா. கழட்டுட்டின்னு சொன்னேன். கழட்டி ஓரமா வச்சிட்டு, திரியப் பிடிச்சிட்டு நின்னா."

பின்சி சுரூபத்தை என் கையில் திணித்துவிட்டு, மகளை இழுத்து வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள்.

ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்தச் சுரூபத்தைத் தொட்டேன். முகமெல்லாம் சேறு தெறித்திருந்தது. சேலைத் தலைப்பால் துடைத்தேன். இருட்டு வீட்டைப் பார்த்துக் கோபித்துக்கொண்டு இவள் திரும்பிப் போகவில்லையே, நாங்கள் இருக்கும் இடத்துக்குத்தானே சேற்றில் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவள், என் பிள்ளையை வாசலில் நிற்கவா சொல்லியிருப்பாள்? நிற்கச் சொன்னது நான். அந்தப் பாரம் அன்றும் குறையவில்லை, இன்றும் குறையவில்லை. ஆனால் சாகப் புறப்பட்டவள் வழியில் ஒரு பிள்ளையை நிறுத்தி வைத்தது யார்? அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரே பதில்தான் இருக்கிறது. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. ஒரு வருஷம் முகம் கொடுத்துப் பேசாதவள் அல்லவா?

சுரூபத்தைப் பெஞ்சில் வைத்துச் செபமாலை தொடங்கினார்கள். செபமாலையின் ஐந்து பத்துகளில் நாலாவதை எங்கள் வீட்டில் டின்டுதான் சொல்வாள். அது வந்ததும் நான் ஆரம்பித்தேன். பாதியில் வார்த்தை தப்பியது. ஜிஸ்மி எடுத்துக் கொடுத்தாள்.

முடிந்ததும் பின்சி என் பாயில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, கோழிய எதுக்குக் குடுத்தீக?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"நான் வச்சிக்க மாட்டேன். காலைல வந்து பிடிச்சிட்டுப் போங்க."

வெளியே மழை விட்டபாடில்லை. டின்டு இன்னும் அந்த மண்ணுக்குள்தான் இருந்தாள். ஆண்டவரே, இந்த ஒரு காலையை மட்டும் கொடும், மீதியை நாம் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று மனசுக்குள் கேட்டேன்.

"வாரேன்" என்றேன் பின்சியிடம்.