றுமானாவுக்குப் போட்ட நேரம்

றுமானா மேல் எனக்குப் பொறாமை இல்லை என்று இவ்வளவு காலமும் சொல்லி வந்தேன். அது பொய். ஆறாம் வகுப்பில் மீலாத் விழாப் பேச்சுப் போட்டியில் நான் மூன்று பக்கத்தையும் ஒரு பிழையில்லாமல் ஒப்புவித்தேன். அவள் நடுவில் மறந்துவிட்டு, "பொறுங்க, இப்ப வந்திரும்" என்று சொல்லிச் சிரித்தாள். சபையும் சேர்ந்து சிரித்தது. அவளுக்கு முதலாமிடம், எனக்கு இரண்டாமிடம். அன்று பிடித்த எரிச்சல் முப்பது வருசமாகியும் ஆறவில்லை.

கல்முனையில் எங்கள் பெண்கள் மன்றத்தில் ஒன்பது வருசமாக வேலை செய்கிறேன். கடிதம் அடிப்பது, மண்டபம் பிடிப்பது, நிகழ்ச்சி நிரல் போடுவது எல்லாம் நான்தான். றுமானா கணவரோடு கட்டாரில் இருந்துவிட்டுப் போன வருசம் ஊருக்கு வந்தவள். மன்றத்தில் சேர்ந்து ஏழு மாதம். அப்போதுதான் செயலாளர் நிப்றாஸ் சேர் அந்த அறிவித்தலை விட்டார். மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை பதினைந்து ஊர்களுக்குப் போய், சீனி வருத்தம் என்கிற நீரிழிவு பற்றிப் பெண்களுக்கு எடுத்துச் சொல்ல ஒரு வளவாளர், அதாவது விசயம் தெரிந்த பேச்சாளர், வேண்டும். விருப்பமானவர்கள் ஒரு சனிக்கிழமை சபைக்கு முன்னால் இருபது நிமிசம் பேசிக் காட்ட வேண்டும். இளைப்பாறிய தாதி ஞானராணி மிஸ் வந்திருந்து தெரிவு செய்வார்.

பெயர் கொடுத்தது இரண்டே பேர். நானும் அவளும்.

எனக்கு அந்த இடம் வேண்டும். ஒன்பது வருசமாக வந்தவர் போனவர் எல்லோருக்கும் மைக்கைத் தட்டிச் சரிபார்த்துக் கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றவள் நான். ஒரு தடவையாவது மேடைப் பெனரில் "சுபைறா" என்று என் பெயர் வர வேண்டும் என்று ஆசைப்பட்டது பெரிய குற்றமா?

ஒரு மாதம் ராப்பகலாக ஆயத்தம் செய்தேன். முப்பத்திரண்டு ஸ்லைட். கணையத்தின் படம், வட்ட வரைபடம், கீழே சின்ன எழுத்தில் விளக்கம். என் மகள் றுக்ஸானா பார்த்துவிட்டு, "உம்மா, பின்னால இரிக்கிற ஆக்களுக்கு எழுத்துத் தெரியாது" என்றாள். "தெரியாட்டி நான் வாசிச்சுக் காட்டுவன், நீ ஒன்ட வேலயப் பாரு" என்று அவள் வாயை அடைத்தேன். றுமானா என்ன செய்கிறாள் என்றும் ஒரு கண் வைத்திருந்தேன். இரண்டு தடவை கடைத்தெருவில் கண்டேன். பலசரக்குக் கடை வாசலில் நின்று, சாமான் வாங்க வந்த பெண்களோடு கதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். இதுவும் ஒரு ஆயத்தமா என்று எனக்குள் சந்தோசப்பட்டேன்.

நிகழ்ச்சி நிரல் வழக்கம்போல என் கைக்கு வந்தது. அங்கேதான் சைத்தான் வந்து குந்தினான்.

எனக்குப் பத்தே கால். எல்லோரும் முகம் கழுவின புதிதில் தெளிவாக இருக்கும் நேரம். பிறகு தேநீர், உறுப்பினர் பதிவு, தலைவி உரை என்று இட்டு நிரப்பினேன். றுமானாவுக்குப் பதினொன்று ஐம்பத்தைந்து. அந்தக் கிழமை ளுஹர் பாங்கு, நண்பகல் தொழுகைக்கான அழைப்பு, பன்னிரண்டு பத்துக்கு. மண்டபத்தைச் சுற்றி மூன்று பள்ளிவாசல். ஒன்று முடியும் தறுவாயில் அடுத்தது தொடங்கும். பாங்கு சொல்லும்போது நாங்கள் யாரும் கதைப்பதில்லை. அவள் பேச்சு சூடேறும் இடத்தில் வாயை மூட வேண்டி வரும். மூன்று பள்ளியும் ஓயும்போது சூடு ஆறியிருக்கும், பெண்களுக்கு வீட்டில் ஆக்காத சோறு ஞாபகம் வந்திருக்கும், ஒவ்வொருவராகக் கைப்பையைத் தூக்கிக்கொண்டு எழும்புவார்கள். நிப்றாஸ் சேர் வாசிக்காமலே கையெழுத்து வைத்தார். றுமானாவும் கடதாசியைப் பார்த்தாள். மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை தொண்ணூறு பெண்கள் வந்திருந்தார்கள். படம் காட்டும் மல்டிமீடியா பிசகாமல் வேலை செய்தது. முப்பத்திரண்டு ஸ்லைடையும் ஒரு சொல் விடாமல் வாசித்தேன். திரையைப் பார்த்தே வாசித்ததால் அவர்கள் என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. முடிந்ததும் கை தட்டினார்கள். "கேள்வி ஏதும் இரிக்கா?" என்றேன். ஒரு பிள்ளை மட்டும் கையை உயர்த்தி, "ராத்தா, இத வட்ஸ்அப்ல போடுவீங்களா?" என்று கேட்டது.

றுமானா மல்டிமீடியாவை நிறுத்தச் சொன்னாள். மேசையில் ஒரு கிலோ சீனிப் பைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். மொத்தம் எட்டு. "கடயில நின்டு நூறு பேர்க்கிட்டக் கேட்டன். நம்மட வீடுகள்ல அநேகமா ஒரு மாசத்துக்கு வாங்குறது இவ்வளவுதான்" என்றாள். பிறகு ஒரு வீட்டின் ஒரு நாளைச் சொன்னாள். காலைத் தேத்தண்ணி, பத்து மணிப் பிளேன்டீ, வந்த விருந்தாளிக்குச் சோடா. பெண்கள் ஒருவரையொருவர் இடித்துச் சிரித்தார்கள். நான் மணிக்கூட்டைப் பார்த்தபடி நின்றேன். பன்னிரண்டு ஒன்பதுக்கு அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"இப்ப ஒரு கணக்கு. ஒங்கட வீட்டுல மாசம் எத்தன கிலோ? அத எத்தன பேர் தின்டு முடிக்கிற? மனசுக்குள்ள பாருங்க. இப்ப சொல்ல வேணாம்."

முதல் பள்ளியில் பாங்கு தொடங்கியது.

தொண்ணூறு பேரும் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டார்கள். ஒரு சத்தமில்லை. மேடையில் றுமானா தலை குனிந்து நின்றாள், பக்கத்தில் எட்டுப் பை சீனி. பாங்குக்குப் பதில் சொல்லி உதடுகள் அசைந்தன, மடியில் விரல்களும் அசைந்தன. இரண்டாவது பள்ளி தொடங்கியது. ஞானராணி மிஸ்ஸும் பேனையை வைத்துவிட்டு விரலை மடக்கிக்கொண்டிருந்தார். மூன்றாவது பள்ளி வரும்போது நானும் எண்ணிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் ஏழு கிலோ, நான்கு பேர். 

பாங்கு ஓய்ந்த பிறகும் றுமானா வாய் திறக்கவில்லை. முன்வரிசையில் இருந்த சபியா உம்மாதான் பொறுக்க முடியாமல் எழும்பினார்.

"பதினொரு கிலோ மகள். ஆறு பேர். அதுல நாலு கிலோ நான் மட்டும்தான்."

அதோடு மண்டபம் திறந்துகொண்டது. ஆளுக்கு ஆள் கணக்குச் சொன்னார்கள், புருசன்மாரைக் காட்டிக் கொடுத்தார்கள், எங்கே இரத்தம் சோதிக்கலாம் என்று கேட்டார்கள். ஒருத்தியாவது சோற்றை நினைக்கவில்லை.

முடிவு சொல்ல அதிக நேரம் எடுக்கவில்லை. ஞானராணி மிஸ் மைக்கை வாங்கினார். "கதைக்கிற ஆக்களுக்கு நிப்பாட்டத்தான் பயம். இந்தப் பிள்ளை நிப்பாட்டிக் காட்டிற்று. றுமானாவே போகட்டும். அதுசரி, அந்த நேரத்த ஆர் போட்ட?"

நான் கதவுப் பக்கம் பின்வாங்கினேன். றுமானா ஓடி வந்து என் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள்.

"சுபைறாதான் மிஸ். கடதாசியப் பார்த்த உடனே எனக்கு விளங்கிட்டு. பாங்கு சொல்லக்குள்ள ஒருத்தரும் கதைக்கவும் மாட்டாங்க, எழும்பவும் மாட்டாங்க. யோசிக்கட்டும் எண்டுதான் இவ அந்த நேரத்தத் தந்திரிக்கா. என்ட மண்டைக்கு இதெல்லாம் எங்க தோணும்?"

அவள் முகத்தில் நக்கல் இருக்கிறதா என்று தேடினேன். ஒரு துளி இருந்திருந்தாலும் அன்று எனக்குச் சோறு இறங்கியிருக்கும். இல்லை. மனதாரத்தான் சொன்னாள். சபை எனக்குக் கை தட்டியது, காலையில் தட்டியதைவிடப் பலமாக. "அப்ப பதினஞ்சு ஊருக்கும் றுமானா கதைக்கட்டும், நேரம் சுபைறா போடட்டும்" என்று நிப்றாஸ் சேர் அறிவித்தார்.

திங்கட்கிழமை காலை, முதலாவது ஊருக்கு நிகழ்ச்சி நிரல் போட உட்கார்ந்தேன். தூரத்து ஊரிலிருந்து தொடங்குவதாக ஏற்பாடு, அதனால் பொத்துவில். பகல் சாப்பாடு புரியாணி, பிறகு இனிப்புக்கு வட்டிலப்பம் என்று அங்கிருந்து சொல்லியிருந்தார்கள். எந்தக் கொம்பன் பேசினாலும் சபை கொட்டாவி விடும் நேரம் ஒன்று உண்டு. "றுமானா, பி.ப. 2.00" என்று அடித்து அவளுக்கு அனுப்பினேன். பதில் உடனே வந்தது.

"வட்டிலப்பம் தின்ட கையோடயா? சீனி வருத்தத்தக் கதைக்க இத விட நேரம் இரிக்கா? ஒன்ட மூளையே மூள புள்ள!"

போனைக் கவிழ்த்து வைத்தேன். பொத்துவிலுக்குக் கோல் எடுத்து, வட்டிலப்பம் வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். சொன்னால் அதற்கும் அவள் எனக்கு நன்றி சொல்லுவாள்.