எட்டும் பதினாலும்

பதினாலாவது மணி நேர வேலையில்தான் அட்டைப்பெட்டி ஆலையில் அண்ணனின் மூன்று விரல்கள் போயின. "கவனக்குறைவு" என்று ஒற்றை வார்த்தை எழுதிவிட்டு மேனேஜர் கையைக் கழுவிக்கொண்டார். ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. புள்ளியியல் படித்துக்கொண்டிருந்த தங்கை அதை மனதில் முடிந்து வைத்துக்கொண்டாள்.

நாலு வருடம் கழித்து அதே ஆலையின் தலைமை அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அவள் யாருடைய தங்கை என்று மேனேஜருக்குத் தெரியாது.

ஆலை எட்டு மணி நேரம் முதல் பதினொரு மணி நேரம் வரை ஓடிய நாட்களை மட்டும் எடுத்து, மேனேஜர் வரைபடத்தில் ஒரு நேர்க்கோடு போட்டிருந்தார். அதை அப்படியே பதினாலுவரை இழுத்தும் விட்டிருந்தார். நேரம் கூடினால் பெட்டியும் கூடும் என்றது கோடு. கூடாத நாட்களில் பழி தொழிலாளிகள் தலையில் விழுந்தது.

அவள் எல்லா நாட்களையும் எடுத்தாள். நேரத்துக்குப் பக்கத்தில் அதன் வர்க்கத்தையும் ஒரு பத்தியாகச் சேர்த்தாள்: எட்டுக்கு அறுபத்து நாலு, பதினாலுக்கு நூற்றுத் தொண்ணூற்றாறு. கணக்குப் போட்டதில் வர்க்கத்தைப் பெருக்கும் எண், அதாவது கெழு, மைனஸில் வந்தது. கோடு வளைந்தது. பதினொன்றில் உச்சி, அப்புறம் இறக்கம்தான்.

"டைரக்டருக்கு மெயில் போட்டா முடிஞ்சுதே," என்றாள் பக்கத்து மேஜை அக்கா.

"முடிஞ்சுடும்க்கா. ஆனா அது அந்த மேனேஜர் வாயால வரணும்."

கூட்டத்தில் டைரக்டர்கள் எதிரே அட்டவணையைத் திரையில் போட்டாள்.

"சார், எட்டு மணி நேரத்துக்கு எத்தனை பெட்டி? நீங்களே படிங்க."

"நானூத்தி நாப்பத்தெட்டு," என்றார் மேனேஜர்.

"பதினாலுக்கு?"

அவர் தண்ணீர் குடித்தார். "நானூத்தி நாப்பத்தெட்டு."

"அப்ப அந்த ஆறு மணி நேரம் எதுக்கு சார்? அந்த நேரத்துலதான் பத்தொன்பது பேருக்கு அடிபட்டிருக்கு. அதுல ஒருத்தர் என் அண்ணன்."

அவர் முகம் வெளிறுவதை அவள் நிதானமாக, ஆசை தீரப் பார்த்தாள்.

அடுத்த மாதமே அவருக்குச் சீட்டுக் கிழிந்தது. பதினொரு மணி நேரத்துக்கு மேல் யாரும் வேலை செய்யக் கூடாது என்று உத்தரவு வந்தது. அவள் வீட்டுக்கு வந்து ஒன்று விடாமல் சொன்னாள். அண்ணன் சிரிக்கவில்லை.

"பத்து மணி நேரத்துக்கு எத்தனை வரும்?"

"நானூத்தி எண்பது. உச்சியை விட நாலு பெட்டி கம்மி."

"நாலு பெட்டிக்காக எதுக்கு ஒரு மணி நேரம் நிக்க வைக்கிறீங்க?"

அவளுக்குச் சுருக்கென்றது. இத்தனை நாளும் மேனேஜரை மட்டுமே குறிவைத்திருந்ததில் இது கண்ணிலேயே படவில்லை. மறுநாள் காலை முதல் வேலையாக டைரக்டரைப் பார்க்க நேரம் கேட்டாள்.