எதிர்ப்பக்கத்திலிருந்து வருபவர்களுக்கு

1

இந்தக் கதை என் அக்கா செய்த தப்பில் பிறந்தது. அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். “எழுதிக்கோ. ஆனா என்னைப் பாவமா காட்டாத” என்றாள்.

அக்கா பல் மருத்துவமனையில் உதவியாளர். விடுமுறை நாட்களில், ஆற்றங்கரையில் தொடங்கி மலை தாண்டிப் போகும் நெடுந்தூர நடைபாதைக்குக் குறி போடுகிறவள். மரத்திலும் பாறையிலும் மஞ்சள் கோடு. அதைப் பிடித்துக்கொண்டு முன்பின் தெரியாதவர்களும் நடக்கலாம். ஒவ்வொரு முறையும் ஆற்றிலிருந்து ஏறிக்கொண்டே போடுவாள். உச்சியில் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிடுவாள். அதனால் குறிகள் எல்லாம் ஏறுபவரைப் பார்த்தே இருக்கின்றன. இறங்குபவருக்குத் தெரிவது மரத்தின் முதுகு மட்டும்தான். பல வருஷமாக இது யாருக்கும் உறைக்கவில்லை.

போன மாதம் ஒரு தம்பதி உச்சியிலிருந்து இறங்கி, வழி தவறி, இரவு முழுக்கக் குளிரில் கிடந்தார்கள். நல்லவேளை, உயிருக்கு ஒன்றுமில்லை.

2

முதல் வரிக்கு நான் பட்ட பாடு:

மலை மௌனமாக இருந்த

நடைபாதை ஓரம் உட்கார்ந்து நான் போனில் தட்டிக்கொண்டிருந்ததை அக்கா எட்டிப் பார்த்தாள். “அது எப்படா பேசியிருக்கு?”

அவளது முழங்காலில் வலி ஒரு பழைய

“வலிக்குதுன்னா வலிக்குதுன்னு போடு.”

வலிக்கிறது.

3

நடைபாதைச் சங்கத்தின் செயலாளரை வில்லனாக்கப் பார்த்தேன். மீசைகூட வைத்தேன். செருப்புக்கடை மாடியில் இருக்கும் அந்தச் சின்ன அறையில் நிஜமான செயலாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு, அக்காவை உட்காரவைத்துவிட்டுத்தான் பேசினார்.

“மழைக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் குறி இல்லன்னா இந்தப் பகுதிய மூடித்தான் ஆகணும்மா. இன்னொருத்தர் மாட்டிக்கிட்டா யார் பதில் சொல்றது?”

நியாயம் பேசுகிற மனுஷனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? மீசையை எடுத்துவிட்டேன்.

வெளியே வந்ததும், “யானைக்கும் அடி சறுக்கும்க்கா” என்றேன் ஆறுதலாக.

“சறுக்கட்டும். எழுந்துக்க வேண்டியதும் யானைதான்” என்றாள். மறுவாரமே உச்சியிலிருந்து இறங்கத் தொடங்கினோம். அவள் கையில் பிரஷ், என் கையில் பெயின்ட் டப்பா.

4

கொஞ்சம் இறங்குவது, திரும்பிப் பார்ப்பது, அவளுடைய பழைய குறி தெரிந்தால் அதே மரத்தின் மறுபக்கம் புதிய கோடு. இப்படியே நேற்றுவரை வந்தோம்.

இன்று மதியம் பாறைச் சரிவில் பாதை இரண்டாகப் பிரிந்தது. அக்கா நின்றுவிட்டாள். ஏறி வரும்போது இங்கே பிரிவே தெரியாது. பக்கத்திலிருந்து ஒரு தடம் வந்து சேர்ந்துகொள்ளும், அவ்வளவுதான். குறி போட்டிருந்த பாறைகளும் புரண்டு கிடந்தன.

(போனில் வரைபடம் இல்லையா என்பவர்களுக்கு: இருக்கிறது. அதில் இந்த இடத்தில் ஒரே கோடு. நாங்கள் நிற்பதாகக் காட்டும் புள்ளியோ அந்தரத்தில் தொங்குகிறது.)

“இது நான் போட்ட வழிடா” என்றாள் மெல்ல. “எனக்கே தெரியல. அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்?”

பெயின்ட் டப்பாவை அவளிடம் நீட்டினேன்.

“இடது பக்கம் தடம் நல்லா தெரியுது. கோடு போட்டுட்டுப் போலாம்க்கா. மேகம் இறங்குது.”

“தடம் தெரியுதுன்னா நெறைய பேர் போயிருக்காங்கன்னு அர்த்தம். சரியா போனாங்கன்னு அர்த்தமில்ல. நான் போய் பாத்துட்டு வரேன்.”

“உன் காலை வச்சுக்கிட்டா? நான் போறேன்.”

“என் மரத்த உனக்கு அடையாளம் தெரியாது. நீ இங்கயே நில்லு. நான் கூப்பிட்டா பதில் கொடு, அதை வச்சுத் திரும்பி வந்துடுவேன். எடத்த விட்டு நகர்ந்த, தொலைச்சுடுவேன்.”

பக்கவாட்டில் கால் வைத்து, பாறையைப் பிடித்துப் பிடித்து இறங்கினாள். வளைவில் மறைந்தாள்.

5

பிரிவில் நின்றுகொண்டே இதை எழுதுகிறேன். முடிவுகள் கைவசம் உண்டு.

(அ) இடதுதான் சரி. அவள் சிரித்துக்கொண்டே

(ஆ) இடது தப்பு. அவள் திரும்பி வந்து, அங்கே ‘போகாதே’ என்று குறுக்குக் கோடு போட்டுவிட்டு, அதே காலோடு வலது பக்கம்

(இ) மழை முந்திக்கொள்கிறது. பகுதி மூடப்ப

மூன்றாவதை எழுத வரவில்லை. பயமாக இருக்கிறது.

முதல் தூறல் டப்பாவின் மூடியில் விழுகிறது. கீழிருந்து, “டேய், இருக்கியா?” என்கிறாள். “இருக்கேன்க்கா” என்று கத்துகிறேன். குரல் முன்னைவிடத் தள்ளித்தான் கேட்கிறது. இன்னும் போய்க்கொண்டிருக்கிறாள்.

இனி நான் எழுதினால் அது ஊகம். ஊகத்தில் கோடு போடக் கூடாது என்றுதான் அவள் அந்தக் காலோடு இறங்கிப் போயிருக்கிறாள். ஆகவே முடிவு உங்கள் பொறுப்பு. ஒருநாள் உச்சியிலிருந்து இறங்கி வாருங்கள். இந்தப் பிரிவில் நில்லுங்கள். எதிரே மஞ்சள் தெரிந்தால், எந்தப் பக்கம் என்று யோசிக்காமல் நடங்கள். அந்தப் பக்கத்தை அவள் நடந்து பார்த்திருப்பாள்.

மறுபடி கூப்பிடுகிறாள். பதில் சொல்ல வேண்டும்.