நாற்பதாவது சட்டை

சம்பளத்துக்கான கணிதச் சார்பைக் கரும்பலகையில் கோடாக வரைந்த திங்கட்கிழமை, தையல் கூடத்தின் தரை அந்தக் கோட்டின் அளவுக்கே சாய்ந்தது. அடிப்படை முந்நூறு, சட்டைக்கு ஐந்து, அவ்வளவுதான் சார்பு. காலையில் எல்லோரும் இடது சுவரோரம் உட்காருவார்கள். ஒவ்வொரு சட்டை முடிந்ததும் நாற்காலியும் இயந்திரமும் தாமாக ஒரு முழம் வலப்பக்கம் ஏறும். ஒரு வாரம் பேசினார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். கோட்டை வரைந்தவளைக் கணக்கம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு சட்டையும் தைக்காதவர்களைத் தரை இடதுகோடிக்குச் சறுக்கவைத்துவிடும் என்பதால் அவள் கூடத்தின் வாசலைத் தாண்டியதில்லை. பலகையும் வாசலுக்கு வெளியேதான் இருந்தது.

மூன்றாம் வருடம் வந்த புது மேலாளர், நாற்பது சட்டைக்குக் குறைந்தால் அன்றைக்குச் சம்பளமே இல்லை என்று மாற்றச் சொன்னார். கோடு நாற்பதில் அறுந்துவிடும் என்று கணக்கம்மா சொல்லிப் பார்த்தாள். உன் வேலையும் அறுந்துவிடும் என்றார் அவர். வரைந்தாள். மறுநாள் நாற்பதுக்கு இடப்பக்கம் தரை கிணறாக இறங்கிக் கிடந்தது. எல்லோரும் அதற்குள் உட்கார்ந்து தைத்தார்கள். நாற்பதாவது சட்டை முடிந்ததும் நாற்காலி மேலே வந்தது.

வியாழக்கிழமை, அங்கேயே தைக்கும் கணக்கம்மாவின் நாத்தனாருக்கு விரலில் ஊசி ஏறிவிட்டது. ஐந்து மணிக்கு இயந்திரங்கள் நின்றபோது அவள் முப்பத்தேழில் இருந்தாள். கயிறு விட்டார்கள். எத்தனை கயிற்றை முடிச்சுப் போட்டாலும் ஒரு சாண் குறைந்தது.

"அண்ணி, ரத்தம் நிக்கல. கை மரத்துப்போச்சு," என்றது கீழிருந்து குரல்.

கணக்கம்மா துடைப்பானை எடுத்தாள். பலகையைத் தொட்டால் நடப்பதே வேறு, ஏணி வைத்து நானே தூக்குகிறேன் என்று சொல்லிக்கொண்டே மேலாளர் கூடத்துக்குள் காலை வைத்தார். பிறந்ததிலிருந்து அவர் ஒரு சட்டையும் தைத்ததில்லை. தரை அவரை ஏணியோடு சறுக்கவைத்துக் கொண்டுபோய்க் கிணற்றில் இறக்கியது.

ஏணியை நிமிர்த்திப் பார்த்தார், அதுவும் ஒரு சாண் குறைந்தது. பிறகு, "பழசையே எழுதும்மா," என்றார்.

கணக்கம்மா சாக்பீஸை எடுத்தாள். ஆனால் அதைப் பலகையில் வைக்கவில்லை. "முந்நூறு பத்தாது சார். நானூறு."

 

"தலையாட்டறாரு, அண்ணி," என்றாள் நாத்தனார்.

நானூற்றிலிருந்து கோட்டை அறாமல் இழுத்தாள். தரை இருவரையும் தூக்கி மேலே கொண்டுவந்து விட்டது. விரலுக்கு நாலு தையல் போட்டார்கள். மேலாளர் அதைப் பற்றிப் பிறகு பேசவேயில்லை.

வருடா வருடம் கட்டடத்தைச் சோதிக்க வரும் அதிகாரி, தரை ஏன் இப்படிச் சாய்ந்திருக்கிறது என்று கேட்பார். சம்பளம் அப்படி என்பார்கள். அவரும் அதை எழுதிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்.