இருபத்திரண்டு வருஷ நெஞ்சுவலி

அந்த வீட்டில் நெஞ்சுவலி என்றால் நெஞ்சில் வலி என்று அர்த்தமில்லை. தண்ணீர் கேனைத் தூக்கி வையுங்கள் என்றால் லேத்காரருக்கு நெஞ்சு வலிக்கும். பரணில் இருக்கும் பெட்டியை இறக்கச் சொன்னால் வலிக்கும். மனைவியின் சித்தி வீட்டுக்குப் போக வேண்டும் என்றால் இரண்டு நாள் முன்னதாகவே வலிக்கத் தொடங்கிவிடும்.

“ஐயோ, நெஞ்சு வலிக்குதே!”

“வலிக்கும், வலிக்கும். சோத்துத் தட்டு வச்சா சரியாயிடும்.”

கல்யாணமான முதல் மாதத்தில் தொடங்கிய விளையாட்டு. அவர் பட்டறையில் நாள் முழுக்க நின்று இரும்பு கடைகிறவர். அவள் வீட்டு முன்னறையில் இரண்டு மெஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைக்கிறவள். களைப்பாக இருக்கிறது என்று ஒருவரிடம் ஒருவர் சொல்ல இருவருக்கும் கூச்சம். அதற்குப் பதிலாக இந்தப் பேச்சு.

அதனால்தான் பட்டறை ஆட்கள் அவரைப் பட்டப்பகலில் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து வாசலில் இறக்கியபோது, “நெஞ்சு வலிக்குது” என்று அவர் சொன்னதைக் கேட்டு அவள் முதலில் சிரித்தாள். பிறகுதான் சட்டை தொப்பலாக நனைந்திருந்ததைப் பார்த்தாள்.

அவசரப் பிரிவில் ஓர் இளம் டாக்டர், கையில் அட்டையும் தாளுமாக வந்தார்.

“வலி எவ்வளவு நாளா இருக்கு?”

பயம் வந்தால் அவளுக்கு வாய் நிற்காது. “எவ்வளவு நாளாவா? நல்லா கேட்டீங்க டாக்டர்! கல்யாணம் ஆன நாள்லேருந்து இதே பாட்டுதான். வேலைன்னு ஒண்ணு சொல்லிட்டா போதும், கை நெஞ்சுக்குப் போயிடும்.”

மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு படுத்திருந்த லேத்காரரின் கண்கூடச் சிரித்தது.

“கல்யாணம் ஆகி எத்தனை வருஷம்?”

“வர்ற மாசம் வந்தா இருபத்திரண்டு.”

டாக்டர் எழுதிக்கொண்டார்.

மறுநாள் சோதனையில் இரண்டு அடைப்பு தெரிந்தது. ஆபரேஷன் செய்தாக வேண்டும், ஒரு வாரத்துக்கு மேல் தள்ளக்கூடாது என்றார் பெரிய டாக்டர். அவள் தைரியமாகத்தான் இருந்தாள். பையில் இன்சூரன்ஸ் அட்டை இருந்ததே.

அந்த அட்டை நாலு வருஷத்துக்கு முன் வந்தது. அதுவரை பட்டறை முதலாளியே எல்லாருக்கும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் எல்லாரையும் காண்ட்ராக்ட் ஆள் என்று மாற்றினார், கட்டுவதை நிறுத்தினார். அப்போது வந்து நின்றவன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி, இன்சூரன்ஸ் ஏஜென்ட்.

“அக்கா, இது எப்படின்னா, ஆயிரம் பேர் கட்டுவாங்க. அதுல பத்து பேர் ஆஸ்பத்திரிக்குப் போவாங்க. தொள்ளாயிரத்துத் தொண்ணூறு பேர் காசுலதான் அந்தப் பத்து பேருக்கு வைத்தியம்.”

“அப்ப எங்க காசு யாருக்கோ போகுது.”

“போகட்டுமே. போகுதுன்னா நீங்க நல்லா இருக்கீங்கன்னு அர்த்தம். உங்களுக்கு வேணும்னா அவங்க காசு வரும்.”

“மாப்ளே, உனக்கு என்ன வரும்?” என்று கேட்டார் லேத்காரர்.

“மாமாவுக்கு எப்பவும் கிண்டல்தான்” என்றான் தம்பி. நோய் பற்றிய கேள்வித்தாளில் மளமளவென்று எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று போட்டுக்கொண்டே போனான்.

பள்ளி திறக்கும் மாதத்தில் தைத்த கூலியெல்லாம் வருஷாவருஷம் அதற்குத்தான் போயிற்று. யாரோ பத்து பேர் பிழைத்துப் போகட்டும் என்று அவளும் கட்டினாள்.

மூன்றாம் நாள் இன்சூரன்ஸ் கவுன்டரில் இருந்த பெண் கூப்பிட்டு அனுப்பினாள்.

“ரிஜெக்ட் ஆயிடுச்சும்மா.”

“அப்படின்னா?”

“தர மாட்டோம்னு சொல்லிட்டாங்க. படிக்கிறேன், கேளுங்க. நோயாளிக்கு இருபத்திரண்டு ஆண்டுகளாக நெஞ்சுவலி இருந்து வந்தது மருத்துவமனைக் குறிப்பிலிருந்து தெரிகிறது. பாலிசி எடுக்கும்போது இது மறைக்கப்பட்டுள்ளது. ஆகவே—”

“இருபத்திரண்டு வருஷமா? எவன் சொன்னான்?”

அந்தப் பெண் திரையைக் கொஞ்சம் திருப்பிக் காட்டினாள். “தகவல் தந்தவர், மனைவின்னு போட்டிருக்கும்மா.”

“ஐயோ, அது விளையாட்டுக்குச் சொன்னதும்மா!”

“இங்க எழுதிட்டா எல்லாம் எழுதினதுதான். எழுதின டாக்டர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க, திருப்பி அனுப்பிப் பார்க்கலாம்.”

இளம் டாக்டரை மாடிப்படியில் பிடித்தாள்.

“தம்பி, நீங்க எழுதினதுல எல்லாம் போச்சு.”

“நீங்க சொன்னதைத்தானேம்மா எழுதினேன்.”

“சிரிச்சுக்கிட்டே சொன்னேனே! அதை எழுதலையா?”

“சிரிப்புக்கு அந்தத் தாள்ல கட்டம் இல்லம்மா.”

அவர் கெட்டவர் இல்லை. படியிலேயே உட்கார்ந்து, ‘மனைவி வேடிக்கையாகக் கூறியதை நான் நோயின் வரலாறாகப் பதிவு செய்துவிட்டேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கவுன்டரில் அவளிடமும் ஒரு கடிதம் வாங்கினார்கள். தன் கணவருக்கு வேலை சொன்னால் நெஞ்சு வலிக்கும் என்பது தங்கள் குடும்பத்தில் ஒரு கேலிப்பேச்சு என்று அவள் எழுதினாள். எழுதும்போதே அழுகை வந்தது. இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த ஒன்றைப் பெயர் தெரியாத அதிகாரிக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதாயிற்று.

இரண்டு நாளில் பதில் வந்தது. இந்த முறை தம்பியும் கூட இருந்தான். அவனே வாங்கிப் படித்தான்.

“பணம் கேட்கிறதுக்கு முன்னாடி சொன்னதுதான் நம்பத் தகுந்ததாம். மறுத்த பின்னாடி சொல்றதை ஏத்துக்க முடியாதாம். பாலிசியையும் ரத்து பண்ணிட்டாங்க.”

“அப்ப நாலு வருஷம் கட்டினது?”

“அது போனது போனதுதான்.”

“ஏன்டா, ஆயிரம் பேர்ல பத்து பேருன்னு சொன்னியே. இப்ப நாங்க அந்தப் பத்து பேர்ல வந்தாச்சே!”

“அக்கா, நான் என்ன பண்ணட்டும்? எதை எங்க பேசணும்னு ஒரு விவஸ்தை வேணாமா? அது என்ன வீட்டு முன்னறையா? உன் வாய் இருக்கே...”

“என் வாய்தான்டா. உன்கிட்ட வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லத் தெரியாத வாய்.”

கவுன்டர் பெண் தலையைக் குனிந்து அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டாள்.

வார்டில் லேத்காரர் விழித்துக்கொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை.

மேலே சுழலும் மின்விசிறியைப் பார்த்தபடி லேத்காரர் சொன்னார்: “இருபத்திரண்டு வருஷமா வலிக்குது வலிக்குதுன்னேன். நீ ஒருநாளும் நம்பலை. அந்தக் கம்பெனிக்காரன் ஒரே நாள்ல நம்பிட்டான் பாரு.”

கேலியாகத்தான் தொடங்கினார். முடிக்கும்போது அது கேலியாக இல்லை.

“என்னங்க, நிஜமாவே வலிச்சுதா? அப்பல்லாம்?”

“இப்பக் கேளு.”

“சொல்லுங்களேன்.”

“எனக்கே தெரியலடி. விளையாட்டுக்குத்தான் சொன்னேன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்.”

வீடு கட்ட வாங்கிப் போட்டிருந்த மனையை நாலே நாளில் விற்றார்கள். அவசரத்துக்கு விற்கிறார்கள் என்று தெரிந்தவன் என்ன விலை கேட்பானோ அந்த விலைக்குத்தான் போயிற்று. அது போதாமல் இரண்டு மெஷினையும் ஒரு ரெடிமேட் கம்பெனிக்குக் கொடுத்தாள். ஆபரேஷன் நடந்தது. பெரிய டாக்டர் கைராசிக்காரர் என்று எல்லாரும் சொன்னார்கள்.

இப்போது அவள் அந்த ரெடிமேட் கம்பெனிக்கே தினக்கூலிக்குப் போகிறாள். வரிசையில் மூன்றாவதாக இருப்பது அவள் விற்ற மெஷின். அதன் சத்தம் அவளுக்குத் தெரியும். மேற்பார்வைக்காரர் அவளை ஏழாவதில் உட்கார வைத்திருக்கிறார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு விடுமுறை நாளில் தம்பி வந்தான், வேறொரு கம்பெனியின் தாளோடு.

“கோபம் எல்லாம் அப்புறம் வச்சுக்கோ அக்கா. இப்பத்தான் உங்களுக்கு அவசியம் வேணும். மாமா இப்ப நிஜமாவே நோயாளி. இந்தக் கம்பெனிதான் எடுத்துக்கிறேங்குது. மத்தவங்களைவிட அதிகமாக் கட்டணும், அவ்வளவுதான். மூணு வருஷத்துக்கு இருதயத்துக்கு மட்டும் கிடைக்காது.”

“அப்ப இருதயத்தைத் தவிர மத்ததுக்குக் கட்டணும்.”

“எல்லாத்துக்கும் கட்டணும். இருதயத்தைத் தவிர மத்ததுக்கு வரும்.”

“நல்லா இருக்குடா உங்க நியாயம்.”

“மூணு வருஷம் ஒண்ணும் வராம ஓட்டிட்டா, அப்புறம் அதுக்கும் வரும் அக்கா. இனிமேலும் ஒண்ணுமில்லாம உட்கார்ந்திருப்பீங்களா?”

மெஷின் இல்லாத முன்னறை பெரிதாகத் தெரிந்தது. தம்பி தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து தாளை விரித்தான். இந்த முறை மளமளவென்று போடவில்லை. ஒவ்வொரு கேள்வியையும் உரக்கப் படித்து, பதில் வாங்கி, எழுதினான்.

அப்போது தண்ணீர்க்காரன் கேனை வாசலில் வைத்துவிட்டுப் போனான். அவள் எழுந்தாள். அதற்குள் லேத்காரர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

“நீங்க விடுங்க, நான் எடுக்கிறேன்.”

“நாள் பூரா மெஷின் மிதிக்கிறே. இதையாவது நான் செய்றேன்.”

குனிந்தார். கேனை முழங்கால் உயரம் தூக்கினார். நின்றார். மெதுவாகத் திரும்பக் கீழே வைத்தார். கை நெஞ்சுக்குப் போனது. பாதியில் நின்று சட்டைப் பொத்தானைத் தடவியது.

“என்னங்க?”

“ஒண்ணுமில்ல.”

“வலிக்குதா?”

“ஒண்ணுமில்லைன்னு சொல்றேன்ல.”

இருபத்திரண்டு வருஷத்தில் முதல் முறையாக, வேலை வந்தும் அவர் வலிக்கிறது என்று சொல்லவில்லை. நெற்றி வேர்த்திருந்தது. அவர் அவளைப் பார்க்கவில்லை. தரையில் கிடந்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, கடைசிக் கேள்வி. தற்சமயம் நெஞ்சில் வலி, மூச்சு முட்டல், படபடப்பு ஏதாவது உண்டா?” தம்பி பேனாவைத் தூக்கிப் பிடித்துக் காத்திருந்தான். “உண்டுன்னா இவங்களும் எடுத்துக்க மாட்டாங்க. என்ன போட?”

பயம் வந்தால் அவளுக்கு வாய் நிற்காது. அன்று நின்றது. வாசலுக்குப் போய்க் கேனை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

“இல்லைன்னு போடு” என்றாள்.